நாலாவது மாடி ஏறாத வண்டி

சோபாவுக்கு மெத்தை தைப்பவன் வண்டி வாங்கப் போனால் எதைப் பார்ப்பான்? இருக்கையைத்தான் பார்ப்பான். நானும் அதைத்தான் பார்த்தேன். முட்டைக்காரர் தன்னுடைய சின்ன பிக்கப் வண்டியின் கதவைத் திறந்துவிட்டதும், உள்ளே கையை விட்டு ஓட்டுநர் இருக்கையை அழுத்தினேன். பஞ்சு அமுங்கி உடனே எழுந்தது. ஓரத் தையல் ஒரு இடத்தில்கூட விட்டிருக்கவில்லை. இவ்வளவு நல்ல இருக்கை உள்ள வண்டி கெட்ட வண்டியாக இருக்க முடியாது என்று என் தொழில் புத்தி முடிவு கட்டிவிட்டது. என் மைத்துனன் தன் பங்குக்கு நாலு சக்கரங்களையும் காலால் உதைத்துப் பார்த்தான். பழைய வண்டி பார்க்கப் போகிற எல்லோரும் உதைக்கிறார்கள். உதைத்து என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

"முட்டை ஏத்துன வண்டிங்க," என்றார் முட்டைக்காரர். "தூங்குற குழந்தைய எடுத்துட்டுப் போற மாதிரி ஓட்டியிருக்கேன்."

விலையும் எங்கள் கைக்கு எட்டியது. வாங்கிவிட்டோம்.

எங்களுக்கு வண்டி ஆசைக்கு அல்ல, பிழைப்புக்கு. சினிமா தியேட்டர் ஒன்றின் அத்தனை நாற்காலிகளுக்கும் புது மெத்தை போடும் வேலை வந்திருந்தது. நான் வெட்டி, பஞ்சு வைத்து, ஆணி அடிப்பேன். உறை தைப்பது என் மனைவி. அப்படி ஒரு பெரிய வேலை எங்களுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. ஆனால் தியேட்டர் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். முன்பு மெத்தை போட வந்தவர் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன இரண்டு வரிசை நாற்காலிகள் இன்னும் திரும்பவில்லையாம். அதனால் சொந்த வண்டி இருக்க வேண்டும், காகிதம் எங்கள் வீட்டில் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

வியாழக்கிழமை காலை வாகன அலுவலகத்துக்குக் கிளம்பினோம். பெயர் மாற்றுவதற்கு முன்னால் வண்டியைப் பரிசோதித்து, தகுதிச் சான்றிதழ் தருவார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அலுவலகம் என்றாலே பயம். வாசலில் கால் வைத்ததும் ஏதோ குற்றம் செய்துவிட்டு வந்தவனைப் போல முகம் வெளிறிவிடும். என்ன குற்றம் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுகூடத் தோன்றும். அதனால்தான் மைத்துனனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவன் எல்லா அலுவலகத்துக்கும் போய் வந்தவன்; எந்த ஜன்னலில் எப்படிக் குனிய வேண்டும் என்று தெரிந்தவன்.

அலுவலகம் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. முட்டைக்காரர் முதல் கியரில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து மதிலோரம் நிறுத்தினார். தரைத்தளம் முழுவதும் அதிகாரிகளின் கார்கள். பரிசோதனை மண்டபம் நாலாவது மாடியில் இருப்பதாக அம்புக்குறி காட்டியது. எழுத்துப் பிழை என்று நினைத்தேன்.

எழுத்தில் பிழை இல்லை. மேலே மண்டபத்துக்கு வெளியே நீளமாக வரிசை. அதில் நின்றவர்கள் நின்ற விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. ஒருவர் சுவரைப் பிடிக்காமல் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெரியவர் தன் மகன்கள், மருமகள்கள், சம்பந்தி என எல்லோரையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இரட்டை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

"சாஞ்சு நிக்கிறவரு மோட்டார் சைக்கிள்," என்று மைத்துனன் காதோடு சொன்னான். "அந்தக் குடும்பம் டூரிஸ்ட் பஸ். சம்பந்தி பின் கதவு."

"என்ன மாப்ள சொல்ற?"

"உங்களுக்குத் தெரியாதா மாமா? ஆபீஸ் கீழ இருந்த காலத்துல வண்டியைப் பாத்தாங்க. இப்ப மாடிக்கு வந்துடுச்சு. பரிசோதிக்கிற பொருள், பரிசோதிக்கிற அறையில, பரிசோதகர் முன்னாடி நிக்கணும்னு விதி. வண்டி மாடி ஏறுமா? அதான் வண்டிக்குப் பதிலா வண்டி வாங்குனவரு."

"இதை யாரும் ஏன்னு கேக்கலையா?"

"ஒருத்தர் கேட்டாராம்."

"கேட்டு?"

"அவரு லாரி. அதிக எடைன்னு சொல்லி நிறுத்தி வெச்சுட்டாங்க. வீட்டுக்கு வரலைன்னு கேள்வி."

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். பின்னால் ஒரு தண்ணீர் லாரி கன்னம் இரண்டையும் உப்பவைத்துக்கொண்டு நின்றது, நகர இடமில்லை.

பரிசோதகர் நல்ல மனிதர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மாடியில் எனக்குக் கெட்டது செய்த ஒருவர்கூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. "வாங்க, வாங்க," என்று எழுந்தார். "நீங்க என்ன வண்டி?"

"மெத்தை தைக்கிறவன் சார்."

"தொழிலைக் கேக்கலை."

மைத்துனன் முதுகில் இடித்தான். "சின்ன பிக்கப் சார்," என்றேன். என் வாயால் நானே அதைச் சொன்னேன். சொன்ன பிறகு எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது போலிருந்தது.

"காகிதத்துல வெள்ளைன்னு இருக்கு. உங்க சட்டை நீலமா இருக்கே. பெயின்ட் மாத்துறதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

வாங்கவில்லை. எழுதிக்கொண்டார். கண்ணுக்குள் டார்ச் அடித்தார், நான் சிமிட்டினேன். முன் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று எழுதினார். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்து, முன் கண்ணாடியில் கீறல் என்று எழுதினார். ஹார்ன் அடிக்கச் சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முட்டி மோதி வாயைத் திறந்தால், கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட எலியின் சத்தம்தான் வந்தது.

"இப்ப பிரேக்," என்றார். சுவரிலிருந்து ஓடி வந்து, தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு அம்மா தரையைத் துடைத்துவிட்டு வாளியோடு போயிருந்தார். நான் ஓடினேன். கோடு வந்தது. நான் நின்றேன்; என் கால்கள் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, மேசையைத் தாண்டி, கோப்பு அலமாரியில் போய் முட்டினேன். கடைசியாக முதுகில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். முழங்கால் இரண்டும் சேர்ந்து கடகடத்த சத்தம் வெளியே பஸ் குடும்பம் வரைக்கும் கேட்டதாம்.

பரிசோதகர் பேனாவை மூடினார். "தேறலைங்க. ரோட்டுல ஓடத் தகுதி இல்ல."

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. "சார், வண்டி கீழே நல்லா நிக்குது சார். இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாலே தெரியும். ஒரு தடவை பாருங்க சார்."

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "ஜன்னல் வழியா பாத்தா அது பரிசோதனை இல்லைங்க, வேடிக்கை. வேடிக்கை பாக்கவா எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க? நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு வண்டியக்கூடத் தொட்டதில்ல. தொட்டா அது மேல ஒரு பாசம் வந்துடும். பாசம் வந்தா பாரபட்சம் வரும். எங்க ஆபீஸ் மேல இதுவரைக்கும் பாரபட்சம்னு ஒரு புகார் வந்ததுண்டா? கேட்டுப் பாருங்க."

"வண்டி மாடி ஏறாதுன்னு தெரிஞ்சும் ஆபீஸை ஏன் சார் மாடிக்குக் கொண்டுவந்தாங்க?"

"கீழே ஒரே புகை, சத்தம். வண்டிங்க வந்துக்கிட்டே இருந்துச்சு. வேலையே பாக்க முடியலை."

இதைச் சொல்லிவிட்டு என் சட்டை மார்பில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். கைபட்டு ஓரம் எழும்பியதும், பாவம், அவரே தட்டி ஒட்டிவிட்டார்.

வாசலில் காவலாளி தடுத்தான். சிவப்புச் சீட்டு ஒட்டினது சொந்த ஓட்டத்தில் நகரக் கூடாதாம். நான் நடந்துதானே வந்தேன் என்றால், "அப்ப தெரியாது, இப்ப தெரியுதில்ல?" என்றான். மைத்துனன் தன் துண்டை என் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். வெளியே விட்டால் போதும் என்று நான் கும்பிட்டபடியே போனேன். ஆனால் அவர்கள் காட்டிய வழி படிக்கட்டுக்குப் போகவில்லை. மண்டபத்தின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், 'வண்டி உடைப்புப் பிரிவு' என்று எழுதிய அறைக்குப் போனது.

அங்கே சுவரோரமாக ஒரு வரிசை. பேச்சு மூச்சு இல்லாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஒரு கிழவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ஐயா, எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் என் வாயையே பார்த்தார். காவலாளிதான் பதில் சொன்னான்.

"அது பழைய டெம்போ. பேட்டரியைக் கழட்டியாச்சு."

எதிர் மேசையில், சீட்டு கட்டி, ஒரு காது மிஷின் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு சீட்டு கட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லாமே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தன. நான் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உடைப்பு அதிகாரி குளிர்ந்த குரலில் பேசினார். "இவரு எந்த வருஷத்துத் தயாரிப்பு?" என்று கேட்டு, என் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "நாப்பத்தி ஒரு வருஷமா! இந்த ரகத்துக்குப் பதினஞ்சுதாங்க ஆயுசு. இவ்வளவு நாள் ஓட்டியிருக்கீங்களே, அதுவே பெரிய விஷயம்."

"சார், நான் மனுஷன் சார்."

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் அவர் ஆதரவாக. "நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. முன்னாடியெல்லாம் கண்ட இடத்துல போட்டு அடிச்சு நொறுக்குவாங்க. நான் வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்துச்சு. முதல்ல எண்ணெயை வடிச்சிடுவோம். சொட்டு மிச்சம் இல்லாம. அப்புறம் விளக்கு தனி, சக்கரம் தனி, கதவு தனி. ஒண்ணோட ஒண்ணு கலக்க மாட்டோம். சுத்தம் முக்கியம் பாருங்க. உங்க வீட்டுக்காரங்களுக்கு எடைக்கு எடை பணம் போயிடும். போன வருஷம் எங்க பிரிவுக்கு விருது குடுத்தாங்க." சுவரில் இருந்த விருதைக் காட்டினார். கண்ணாடி இல்லாததால் எனக்கு மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நன்றாக இருக்கிறது சார் என்றேன். பயந்தவன் வேறு என்ன சொல்வான்?

மைத்துனன் அதற்குள் போன் போட்டிருக்கிறான். என் மனைவி வந்த சத்தத்தைப் படிக்கட்டிலேயே கேட்டேன். தையல் மிஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. என்னையும் சிவப்புச் சீட்டையும் இடுப்புத் துண்டையும் பார்த்தாள்.

"நாளைக்கு நாற்காலி எடுக்கணும். நீங்க இங்க நின்னுக்கிட்டு என்னங்க பண்றீங்க?"

"எண்ணெய் வடிக்கப் போறாங்களாம்மா," என்றேன்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். அவள் பேரம் பேசும்போது குரல் மாறும். ரெக்சின் கடைக்காரர்களுக்குத் தெரியும் அந்தக் குரல். "சார், இந்த வண்டியை நான் வாங்கிக்கிட்டா?"

அதிகாரி யோசித்தார். கோப்பைப் புரட்டினார். "வாங்குறவங்க மாறினா கோப்பு மாறும். கோப்பு மாறினா உடைப்பு உத்தரவு செல்லாது. ஆனா நீங்க புதுசா பரிசோதனைக்கு நிக்கணும்."

"நிக்கிறேன்."

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த முட்டைக்காரரை மைத்துனன் மேலே இழுத்து வந்து மறுபடி கையெழுத்து வாங்கினான். நான் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவளும் தேறாவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துவார்களா, அல்லது ரகம் பிரிப்பார்களா என்று தெரியவில்லை.

"ஹார்ன்," என்றார் பரிசோதகர்.

"என்னங்க!" என்று கத்தினாள் அவள். வீட்டில் பால் பொங்கும்போது கூப்பிடுகிற அதே குரல். மாடி முழுவதும் வாய் மூடியது. பஸ் குடும்பத்தில் பின் கதவு கழன்று ஓரமாகப் போய் நின்றதாம். என் பக்கத்திலிருந்த டெம்போ கிழவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது பாரம். இரண்டு மூட்டைகளையும் ஏற்றிய பிறகு, "இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. ரெக்சின் உருளையைத் தோளில் போட்டு மாடி ஏறுகிறவளுக்கு மணல் மூட்டை என்ன கணக்கு? பிரேக்குக்கு ஓடி வந்து கோட்டின் விளிம்பில் கட்டைவிரல் படாமல் நின்றாளாம். "அருமை," என்று பரிசோதகர் தன்னை மறந்து சொல்லிவிட்டார். அது பாரபட்சம் இல்லையா என்று நான் கேட்கவில்லை.

சான்றிதழ் கையில் வந்தது. விளக்கு சரி, ஹார்ன் மிக நன்று, பாரம் தாங்கும், பிரேக் குறையற்றது. எல்லாம் அவள் பெயரில், எங்கள் வண்டிக்கு. உடைப்பு அதிகாரி என் பக்கம் கையைக் காட்டினார். "இதை என்ன பண்ணப் போறீங்க?"

"உதிரிக்கு வெச்சுக்கறேன் சார்."

"கெட்டிக்காரத்தனம்," என்று அவர் என் கண்ணாடியைச் சீட்டோடு சேர்த்து அவளிடம் கொடுத்தார். போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

என்னைப் பின் பக்கத்தில் சரக்காக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று காவலாளி கூடவே வந்து, கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தது அவளுக்குத்தான். மைத்துனன் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அலுவலக வாசலைத் தாண்டி வண்டி மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியதும், தப்பித்தோம் என்று நான் வானத்தைப் பார்த்து மூச்சுவிட்டேன். வானம் வேகமாக ஓடியது. இன்னும் வேகமாக ஓடியது.

"டேய், பிடிக்கலடா!" என்று அவள் முன்னால் அலறினாள். "கால் தரையில போகுதுடா, பிடிக்கல!"

ஹார்னை அழுத்தியிருக்கிறாள்; அதுவும் அடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பரிசோதகர் பாராட்டிய அந்தக் குரலில் தெரு முழுக்கக் கத்திக்கொண்டே போனாள். ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். கயிற்றுக்குள் கிடந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டி மூக்கைப் புதைத்து நின்றபோது, நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மெதுவாக உருட்டிக்கொண்டே பக்கத்து மெக்கானிக் கொட்டகைக்குப் போனோம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு அந்த வண்டியைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான். "பிரேக்கா? பேருக்குக்கூட இல்லைங்க. ரொம்ப நாளா இல்ல. மாத்திடலாம், அரை நாள் வேலை. சான்றிதழைக் குடுங்க."

கொடுத்தோம். படித்தார். துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பிரேக் குறையற்றதுன்னு போட்டிருக்கே அக்கா. சரியா இருக்குற பாகத்துல நான் கை வெச்சேன்னு தெரிஞ்சா பட்டறையைப் பூட்டிடுவாங்க. பிரேக் போச்சுன்னு மேலேர்ந்து ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க. உடனே மாத்தித் தர்றேன்."

"மேலேர்ந்துன்னா?"

"நாலாவது மாடிதான். நீங்க போயி அந்தக் கோட்டைத் தாண்டி நின்னா போதும்."

மாடியில் ஒன்றுக்கும் அசையாமல் நின்றவள், அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "எனக்கும் எண்ணெய் வடிப்பாங்களா?" என்று கேட்டாள். அவள் பயந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"வேணாம்மா," என்றேன். "நீ அங்க போக வேணாம்."

வெள்ளிக்கிழமை தியேட்டர் மேனேஜர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, திருப்தியாகி, முதல் வரிசையைக் கழற்றச் சொன்னார். வேலை எங்களுடையதாயிற்று. தினமும் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போகிறோம், புது மெத்தையோடு திருப்பிக்கொண்டு வருகிறோம். அவள் முதல் கியரில் ஓட்டுகிறாள். நான் பின்னால், கட்டிய நாற்காலிகளுக்கு இடையில், கையில் ஒரு பெரிய மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இறக்கம் வந்தாலோ, குறுக்கே யாராவது வந்தாலோ, முன்னாலிருந்து "என்னங்க!" என்று குரல் வரும். நான் குதித்து, ஓடி, சக்கரத்துக்கு முன்னால் கட்டையைத் தள்ள வேண்டும். கை ஒரு விரற்கடை உள்ளே போனால் கையும் போகும்.

ஒவ்வொரு தடவையும் உயிர் போய்த் திரும்பி வருகிறது. இதுவரை வண்டி நின்றிருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் நான் குதிக்கத் தவறலாம், கட்டை நழுவலாம். அன்றைக்கும் அந்தச் சான்றிதழில் ஒரு எழுத்துகூடத் தப்பாக இருக்காது.